ஏரிக்கு ஒரு வாய்த் தண்ணீர்

சோலைப்பள்ளத்து ஏரி மலையேறத் தொடங்கிய முதல் காலையில், வெள்ளத்தாயி தண்ணீர் மோக்கப் போய், குடத்தை இடுப்பில் இடுக்கியபடி கரையில் நின்று, நேற்றுவரை தண்ணீர் கிடந்த விளிம்பில் வெறும் சேறும் வழி தவறிய தவளைகளும் கிடப்பதைப் பார்த்து, தலையை நிமிர்த்தி, ஏரி ஒரு வீட்டு உயரம் மேலே போய்ப் பாதி உடம்பு பள்ளத்திலும் பாதி உடம்பு புல்சரிவிலுமாகச் சாய்ந்து கிடப்பதையும் பார்த்து, "இன்னிக்குன்னு பாத்துத்தான் முழங்கால் வலிக்குது" என்று முனகிக்கொண்டே அங்கே ஏறிப்போய் மோந்து வந்தாள்.

கொடைக்கானலுக்கும் மேலே, சாலை முடிந்த பிறகும் கொஞ்சம் மேலே இருந்தது சோலைப்பள்ளம். அன்று ஊரில் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது, ஆனால் பூண்டு கெடாமலிருக்கப் புகை போடுகிற நாள் என்பதால் அதிகம் இல்லை. மறுநாள் ஏரி இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். இரவில்தான் அது நகர்ந்தது. யாரும் போய் உட்கார்ந்து பார்க்கவில்லை, புறப்படுகிறவர் மூட்டை கட்டுவதை வெறித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போலச் சரிவில் ஒட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்களையும் பாசியையும் கரையோரக் கோரையையும் கோழி குஞ்சுகளைக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிக்கொண்டு அது ஏறியது. ஒரு மாதத்தில் பள்ளத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு வெளியே வந்துவிட்டது. பின்னால் கறுத்த வண்டலும், நடுவில் கண் திறந்தாற்போல ஒரு சின்ன ஊற்றும் மட்டும் மிஞ்சின.

ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. துவைகல்லை நாலு பேர் தூக்கிப்போய் மேலே போட்டார்கள், பிறகு அதற்கும் மேலே, கடைசியில் அலுத்துப்போய் அவரவர் சின்னக் கல் ஒன்றைத் துணி மூட்டையோடு சுமந்து போகப் பழகினார்கள். வனத்துறைக் காவலர், 'ஏரியில் இறங்காதீர்' என்ற பலகையை வாரம் ஒருமுறை பிடுங்கி ஏரி இருக்கிற இடத்தில் நட்டார். மாரியம்மன் கரகம் ஏரித் தண்ணீரில்தான் ஜோடிக்க வேண்டும் என்பதால் ஊர்வலம் மலை ஏற வேண்டியதாயிற்று. ஏற்றத்தில் மேளக்காரர்களுக்கு மூச்சு வாங்க, அடி பிந்திப் பிந்தி விழுந்து, அதுவே ஒரு புதுத் தாளமாகி, அடுத்த திருவிழாவில் சமதரையிலும் அதையே அடித்தார்கள். கொடைக்கானலிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள் சாய்ந்த ஏரிக்கு முன்னால் தாங்களும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எந்த வயலில் ஏரி தங்குகிறதோ அந்த வயல்காரர் அதை விருந்தாளியாகப் பாவிக்க வேண்டும், மண்வெட்டி ஓசை கேட்கவிடக் கூடாது என்று ஊர்த்தலைவர் சங்கன் மன்னாடியார் சொல்ல, ஏரி தங்கிய வயல்காரர்கள் முகம் வாடினாலும் சரி என்றார்கள்.

ஆனால் வெளியே சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு உறுத்தல் இருந்தது. கோபித்துக்கொண்டு வெளியேறுகிற மருமகளைப் போல ஏரி போகிறது, கோபம் தன்மீதுதான் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மருந்தடித்த டின்னை அதில் கழுவியவர் நினைத்தார். மோட்டார் வைத்து இறைத்தவர் நினைத்தார். ஒன்றுமே செய்யாத சங்கன் மன்னாடியார்கூட, ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான் காரணமோ என்று நினைத்து, வெற்றிலையை மெல்லாமல் வாயில் அடக்கியபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கோபம் யார்மீதும் இல்லை என்பது ஆக்னசுக்கு மட்டும் தெரிந்திருந்தது. தெரிந்ததால் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

புன்னைக்காயலில் கடலைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பூமி சூடாவது உயர்ந்த மலைகளின் ஏரிகளை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சிப் பட்டத்துக்காகப் பார்க்க வந்து, வெள்ளத்தாயியின் வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஏரியில் ஒரு மஞ்சள் மிதவை விட்டிருந்தாள். அது தண்ணீரின் சூட்டை அளந்து, வானத்தில் சுற்றுகிற ஏதோ ஒன்றின் வழியாகக் காலையில் ஒருமுறை அவள் கைப்பேசிக்கு அனுப்பும். ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் சூடாகும், சூடான மேல்நீர் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும், அடியில் காற்று போகாமல் மீன்கள் திணறும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஊரில் காற்றின் சூடு ஏறியது; மார்கழியில் புல்லில் படியும் உறைபனி படியவில்லை; பூண்டு முளைக்குமுன் அழுகியது. ஏரி மட்டும் பதினாலு டிகிரியிலேயே நின்றது. சூடு ஒரு படி ஏறினால் ஏரியும் ஒரு படி ஏறியது. தன் குளிரைக் காப்பாற்றிக்கொள்ள அது மலையேறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதைப் பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை, சலித்துக்கொண்டார். மாற்றம் என்று தலைப்பு வைத்துவிட்டு மாறாத ஏரியைப் பிடித்து வைத்திருக்கிறாயே என்றார். ஏரி நகர்கிறது சார் என்றாள். அப்படியானால் நகர்வதை எழுது, ஆனால் எங்கே போய் முடிகிறது என்று எழுது, முடிவில்லாத ஆய்வுக்கு எவனும் கையெழுத்துப் போடமாட்டான் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஏரிக்கு மேலே சோலைமரங்கள், அவற்றுக்கு மேலே வேலப்பனின் பூண்டு வயல்கள், அதற்கும் மேலே கரடிமொட்டை. புல் மட்டும் முளைத்த, மழித்த தலை போன்ற உச்சி. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஊரில் எந்த வாசலில் நின்றாலும் கரடிமொட்டை தெரியும். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆக்னசால் அதைப் பார்க்காமல் பல்கூடத் துலக்க முடியவில்லை.

சோலைப்பள்ளத்தில் புறப்படுகிற எவரையும் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் இங்கே விளையாட்டில்லை. கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் வீட்டுக்குள் திரும்பி வந்து, உட்கார்ந்து, கேட்டவர் கையாலேயே ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்பார்கள், "தூரந்தான்" அல்லது "பக்கந்தான்" என்று பதில் வரும், அதற்குமேல் பேச்சில்லை. ஒருமுறை கொடைக்கானலில் இருந்து வந்த யாரோ ஓடிவந்து சன்னல் வழியாக இந்த பஸ் எங்கே போகுது என்று கேட்டுவிட, டிரைவர் வண்டியை அணைத்தார், பஸ் முழுக்க இறங்கி அவரவர் வீட்டுக்குப் போய்த் திண்ணென்று உட்கார்ந்துகொண்டது. கேட்டவர் ஒரு சொம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் ஊர்ப்பெயர்ப் பலகைகூட மாட்டுவதில்லை.

ஆக்னசுக்கு இது புதிதல்ல. கடலுக்குப் போகிறவர்களை எங்கே என்று கேட்காத ஊரில்தான் அவளும் பிறந்தாள்.

தெரிந்தும் கேட்டாள். ஏரி வேலப்பனின் வயலுக்கு வந்து சேர்ந்த அன்று அதன் கரையிலேயே ஊர்க்கூட்டம் போட்டார்கள். அறுவடைக்கு நின்ற பூண்டு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. நாற்பது வயது வேலப்பன், யாருக்கும் தீங்கு நினையாதவன், விருந்தாளியை எழுப்பச் சொல்லவில்லை, கீழே காலியான பள்ளத்தின் வண்டலில் அடுத்த பட்டம் பூண்டு போட அனுமதி கொடுத்தால் போதும் என்றான். சங்கன் மன்னாடியார் தலையாட்டவில்லை. ஆள் கிளம்பின வீட்டை, போய்ச் சேர்ந்த சேதி வருமுன் கூட்டிப் பெருக்குவது உண்டா என்று கேட்டார். இல்லைதான் என்று வேலப்பனே ஒப்புக்கொண்டான். பெருக்கக் கூடாது என்றால் உழவும் கூடாது. பிறகு, படித்த புள்ளை நீ எதாவது சொல்லு என்று அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் பதினாலு டிகிரியைப் பற்றிச் சொன்னாள். உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னாள். சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், மருந்து டின் கழுவியவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார். பேசிக்கொண்டே வந்தவளின் கண் கரடிமொட்டையில் போய் விழுந்தது. எத்தனையோ காலைகளாக நெஞ்சுக்குள் புரண்டது, பேராசிரியர் குரலில் காதுக்குள் குடைந்தது, ஏரியின் பக்கமாகத் திரும்பி நின்ற அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இது எங்கதான் போகுது?"

யாரும் கத்தவில்லை. வெள்ளத்தாயி மட்டும் மெல்ல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. போகும்போது ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஏரி அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாளும். எங்கே போகிறாய் என்று கேட்கப்பட்டவர் நிற்பதுபோல, ஒரு காலை எடுத்துவைத்துவிட்டு மறு காலை எடுக்காமல், அது வேலப்பனின் வயலில் நின்றது. மலையிலேயே மோசமான இடம் அது. மரநிழல் இல்லாத தெற்குச் சரிவு, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை வெயில் நேராக விழும். பதினைந்து என்றது கைப்பேசி. பதினேழு. பத்தொன்பது. தண்ணீரின் மேல் பச்சை நூலாகப் பாசி படர்ந்தது. மோந்து வந்த குடத்தில் வாடை அடித்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, சொல்ல வந்ததை மறந்தவை போல.

அந்த வாரம்தான் பேராசிரியர் முதல்முறையாக அவளைப் பாராட்டினார். அவள் அனுப்பிய எண்கள் அழகான வளைவாக மேலே ஏறியிருந்தன. இதற்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்றார். இன்னும் சில வாரம் கையைக் கட்டிக்கொண்டு பார், மீன் மொத்தமும் போகிறவரை பதிவு செய், ஆய்வு முடிந்தது, பட்டம் உன்னுடையது என்றார்.

ஆக்னஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். பார்ப்பதுதான் தன் வேலை, பார்க்கிறவள் தொடக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, தொடாமலா இது நின்றது என்று அவளே கேட்டுக்கொண்டாள். கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். கஞ்சியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் குடித்தாள். வெள்ளத்தாயி சோறு போட்டாள், துவையல் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. கேட்டவர் கையால்தான் தண்ணீர் தர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்துச் சொல்வது, போய்ச் செய் என்று பிடித்துத் தள்ளுவது, அது வழக்கத்தில் இல்லை. அவளைத் தாண்டிப் போனவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

கைப்பேசி இருபத்தொன்று என்ற காலையில் டிரவுட் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கின. வேலப்பன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான். நாய்கள் தின்னக் கூடாது என்று தன் வயல் ஓரத்திலேயே குழி வெட்டிப் புதைத்தான். ஏரிக்கு ஓசை கேட்காமல் இருக்க மண்வெட்டி எடுக்காமல் கையால் தோண்டினான். அவன் விரல் நகங்களுக்குள் கறுப்பாக மண் ஏறியிருந்தது. ஆக்னஸ் அந்த நகங்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்கு இறங்கிப் போய்ச் சொம்பு கேட்டாள்.

வெள்ளத்தாயி அதை முன்பே புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள்.

"அதை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைக்க முடியாதேக்கா" என்றாள் ஆக்னஸ்.

"வர முடியாதவங்களுக்கு வீட்டுத் தண்ணியக் கொண்டுபோயிக் குடுக்கிறதுதான். பிள்ளத்தாச்சிக்குக் கொண்டுபோறதில்லையா?"

காலியான பள்ளத்தில் இறங்கி, நடுவில் இருந்த ஊற்றில் அவள் சொம்பை நிறைத்தாள். அதுதான் ஏரியின் வீடு. வண்டலில் அவள் கால்தடம் மட்டும் பதிந்தது. பின்னாலேயே ஊர் வந்தது, தள்ளியே வந்தது. சங்கன் மன்னாடியார் தன் ஜரிகைத் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மேளக்காரர்கள் மேளம் இல்லாமல் வந்தார்கள். சோலைக்குள் பாதி ஏறியபோது ஆக்னஸ் நின்று, பின்னால் வந்த வெள்ளத்தாயியிடம் திரும்பினாள்.

"தண்ணி குடுத்துட்டு என்ன சொல்லணும்?"

"என்ன சொல்லுவாக? போயிட்டு வான்னு சொல்லணும்."

"அது வராதுக்கா. கீழ இனிமே குளிர் வராது. உச்சிக்கு மேல எடமும் இல்ல. வராதுன்னு தெரிஞ்சிக்கிட்டு எப்படி வான்னு சொல்ல?"

வெள்ளத்தாயிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வர்றவகளுக்கு அத எதுக்குடி சொல்றது? பஸ்ஸு ஏறிப் போனா பொழுதுக்குள்ள தானா வந்துரப் போறாக. நீ நட, தண்ணி சூடாகுது."

கரையில் மண்டியிட்டு, பாசியைக் கையால் விலக்கி, ஆக்னஸ் சொம்பைக் கவிழ்த்தாள். ஒரு வாய்தான், ஏரிக்கு அது நாக்குக்கூட நனையாது. சாய்ந்து கிடந்த தண்ணீர் அவள் கையருகில் மட்டும் லேசாகக் குழிந்து, விழுங்கியதுபோல ஒருமுறை அசைந்து, சமமானது. அவள் வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வா" என்றாள்.

யாரும் நின்று பார்க்கவில்லை. எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். வழியில் யாரோ ஒருவர் பூண்டுக்கு மருந்தடிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

விடிந்தபோது வேலப்பனின் வயல் காலியாக இருந்தது. ஏரி கரடிமொட்டையின் தோளில் இருந்தது. பாசி உதிர்ந்து, மிஞ்சிய மீன்கள் மறுபடி அடிக்குப் போயிருந்தன; எண் இறங்கத் தொடங்கியது. அப்படியே ஏறி ஏறி ஒருநாள் உச்சியில் போய் அமர்ந்தது. எல்லா வாசலிலிருந்தும் அது தெரிந்தது, மலையின் தலையில் வைத்த தண்ணீர்க் குடம் போல. பெண்கள் கோலப்பொடியைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். அதற்கு மேலே படி இல்லை என்பது குழந்தைக்கும் தெரிந்தது. ஊர் தன் வேலைகளை மெதுவாகச் செய்தது. யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை.

மறுநாள் காலையில் அது அங்கே இல்லை.

ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் உச்சியில் புல் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது என்றார்கள். மலையின் அந்தப் பக்கச் சரிவில் ஈரம் இல்லை. வானத்தில் மேகம்கூட இல்லை. சங்கன் மன்னாடியார் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். ஊர் ஊற்றில் மோக்கத் தொடங்கியது. வெள்ளத்தாயியின் முழங்காலுக்கு அது சௌகரியமாக இருந்தது, சௌகரியமாக இருக்கிறதே என்று அவள் கொஞ்சம் அழுதாள்.

அன்று காலையிலும் ஆக்னசின் கைப்பேசி வழக்கமான நேரத்தில் ஒலித்தது. எங்கோ மிதந்துகொண்டிருந்த மஞ்சள் மிதவை பதினொன்று என்று சொன்னது. மறுநாள் எட்டு. செய்தி ஊருக்குப் பரவியதும், காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் வெள்ளத்தாயி வீட்டு வாசலில் நின்று, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் எண்ணைச் சொல்லுவாள். அவர்கள் சரி என்று தலையாட்டிக்கொண்டு பாலுக்குப் போவார்கள்.

பேராசிரியர் கேட்டார். அந்த அழகான வளைவை எழுதி அனுப்பு, முடிவாக ஏரி எங்கே போயிற்று என்று ஒரு அத்தியாயம் போடு என்றார். அந்த வளைவு வெயிலால் வந்தது இல்லை சார், நான் நிறுத்தியதால் வந்தது, அதை எழுத முடியாது என்றாள். சரி, ஏரி எங்கே என்று மறுபடி கேட்டார். தூரம் சார் என்றாள். பட்டம் என்ற பேச்சு பிறகு எழவில்லை.

எண் நாலுக்கு வந்ததும் நின்றது. தண்ணீர் மிகக் கனமாக இருப்பது நாலில்தான். குளிர்ந்த ஏரிகளின் அடியில் தண்ணீர் போய்ப் படுத்துக்கொள்வதும் நாலில்தான். எண் அதற்குமேல் நகரவில்லை. காலை தவறாமல் நாலு. ஏரி போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு எந்த அர்த்தமும் அதற்கு இல்லை என்பது அவளைத் தவிர மலையில் யாருக்கும் தெரியாது.

பள்ளத்தின் வண்டல் கறுத்து, காய்ந்து, வெடிக்கத் தொடங்கியிருந்தது. சருகு விழுந்து கிடந்தது. அதையும் யாரும் பெருக்கவில்லை. பூண்டு போடும் பட்டம் தவறிக்கொண்டிருந்தது. ஒரு காலை வேலப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்றான். அவன் வயலில் பூண்டு அழுகி, ஊறிய மண் விதைப்புக்கு ஆகாமல் போய், இரண்டு பிள்ளைகளும் பழைய ஸ்வெட்டரோடு அந்தக் குளிர்காலத்தைக் கடத்தியது அவளுக்குத் தெரியும். அவன் அவசரப்படுத்தவில்லை.

"சேந்துருச்சா புள்ள?"

ஆக்னஸ் கைப்பேசியைப் பார்த்தாள். நாலு. சேர்ந்துவிட்டது என்று சொன்னால் அவன் சாயங்காலத்துக்குள் உழுதுவிடுவான், அதில் தப்பே இல்லை. அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மண் நல்ல மண். ஆனால் வா என்று வேறு சொல்லியிருக்கிறாள். ஏரி வந்தால் உட்கார எந்த இடத்தைக் காட்டுவாள்?

"இல்லண்ணே" என்றாள். "இன்னும் போயிக்கிட்டுத்தான் இருக்கு."

வேலப்பன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு கைப்பேசியைப் பார்த்தான், பிறகு தலையைத் தூக்கி, ஒன்றுமே இல்லாத கரடிமொட்டையைப் பார்த்தான். மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"தூரமோ?"

"தூரந்தாண்ணே."

சரி என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். மறுநாள் காலையும் வந்தான்.